மாதா கோயிலுக்குப் பின்னால் நிற்கும் கட்டடங்களை என்ன செய்வது?

பிப்ரவரி 12, இரவு

ஒரு வாசகர் கேட்டது: "நேற்று லூர்து மாதா திருநாள். ஓஃபீர் ரோட்டுக் கோயிலைப் படம் எடுக்கப் போனேன். எங்கே நின்றாலும் பின்னால் கண்ணாடிக் கட்டடம், தெருவிளக்கு, கிரேன், சாலைப் பலகை. கோயில் மட்டும் தனியாக வர எந்த லென்ஸ் வாங்கலாம்? இல்லை, கைப்பேசியிலேயே மற்றதை அழித்துவிடலாமா?"

லென்ஸும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம் தம்பி. பின்னால் நிற்பவற்றோடு சேர்த்தே எடுங்கள்.

அதுவரை பீட்டர் பால் ஆலயத்தில் சீனக் கத்தோலிக்கர்களோடு சேர்ந்து பூசை கண்டுகொண்டிருந்த சிங்கப்பூர்த் தமிழர்களுக்கென்று எழுந்த கோயில் அது. 1888இல் திறந்தார்கள். பிரான்ஸில் இருக்கும் லூர்து பேராலயத்தை முன்மாதிரியாக வைத்த கோதிக் பாணி. 2005இல் தேசிய நினைவுச் சின்னம் ஆனது. ரோச்சோர் கால்வாய்ப் பக்கமிருந்து பீச் ரோடு திசையில் பார்த்தால் அதன் கூர்மாடமும், அறுகோணச் சட்டங்கள் அடுக்கிய டுவோ கட்டடங்களும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடும். சிங்கப்பூரில் இருக்கிற லூர்து மாதா கோயில் என்று அந்தப் படத்தைப் பார்த்தவுடன் தெரியும். அதையெல்லாம் அழித்துவிட்டு ஊரில் இருக்கிற சித்தப்பாவிடம் காட்டிப் பாருங்கள். "திருச்சிக்கு எப்பப்பா வந்தே?" என்று கேட்பார்.

பிப்ரவரி 13

"அப்படியானால் பச்சைக் குப்பைத்தொட்டியும் வரலாறா அண்ணே?" என்று ஒருவர்.

குப்பைத்தொட்டிக்கு இரண்டு அடி நகருங்கள். ஒரு மரத்துக்கோ தூணுக்கோ பின்னால் அது போய்விடும். நின்ற இடத்தை மாற்றி மறைப்பது வேறு, எடுத்த பிறகு இல்லாமல் ஆக்குவது வேறு. முதலாவது பார்வை. இரண்டாவதுக்கு நீங்கள் அங்கே போயிருக்கவே வேண்டியதில்லை.

பிப்ரவரி 16, காலை

சரி, இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம், ஏனென்றால் இந்தக் கோயிலுக்கு எதிர்ப்பக்கம் நடந்ததே போதுமான சாட்சி.

ரோச்சோர் சென்டர் நினைவிருக்கும். பளிச்சென்று வண்ணம் பூசிய நான்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகள், கீழே கடைகள். வடக்கு-தெற்கு விரைவுச்சாலைக்காக அதை எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கேமரா வைத்திருந்த சிங்கப்பூரர் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். முற்றத்தில் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நான்கு நிறமும் சேர்கிற மாதிரி ஒரு படம். எல்லோரிடமும் அதே படம். 2018இல் இடித்து முடித்தார்கள்.

அதற்கு முந்தைய வருடங்களில் கோயிலை எடுத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த வண்ண புளோக்குகள் சட்டகத்துக்குள் வராமல் இருக்க என்னென்ன வித்தை செய்தார்கள் என்று சொல்வார்கள். "அசிங்கமா இருக்கும், கலர் இடிக்கும்." வண்ணத்தை எடுத்தவர்கள் கோயிலை விட்டார்கள், கோயிலை எடுத்தவர்கள் வண்ணத்தை விட்டார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டும் பல வருடம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்ற காட்சிக்கு என் நண்பர்கள் வட்டத்தில் உருப்படியான படம் அனேகமாக இல்லை.

பிப்ரவரி 16, மாலை

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஓர் அக்கா தன் கல்யாணப் படங்கள் இரண்டை அனுப்பியிருக்கிறார். ஒன்று ஸ்டூடியோக்காரர் எடுத்தது. கோயில் வாசல், மாப்பிள்ளை, பெண், பின்னால் மேகம் தவழும் நீல வானம். அந்த வானம் அந்த இடத்தில் இருந்ததே கிடையாது. ஆல்பத்துக்காக ஒட்டியது. இன்னொன்று தாய்மாமா கைப்பேசியில் எடுத்தது, கொஞ்சம் ஆடிப்போயிருக்கிறது, முக்காட்டுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாக ரோச்சோர் சென்டர் எட்டிப் பார்க்கிறது. ஆல்பத்துக்கு நிறைய வெள்ளி கொடுத்தார்களாம். அலமாரியில் இருக்கிறது. வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது மாமா எடுத்ததுதான்.

மாமா கலை நோக்கோடு எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

மார்ச் 2

"பெரிய கட்டடம் பக்கத்தில் வந்தால் கோயில் பொம்மை மாதிரி ஆகிவிடுகிறதே, அதற்கு என்ன செய்வது?" நல்ல கேள்வி. சிட்டி ஹால் ரயில் நிலையத்தில் இறங்கி செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரலில் பழகினால் இது பிடிபட்டுவிடும்.

கதீட்ரலின் கூர்மாடம் சுமார் 63 மீட்டர். அதற்கு அந்தப் பக்கம் நிற்கும் சுவிசோட்டல் 226 மீட்டர். ஆனால் எது பெரிது என்று முடிவு செய்வது உங்கள் கால். புல்வெளியில் கூர்மாடத்துக்கு அருகே நின்று வைட் லென்ஸில் பார்த்தால் கூர்மாடம் ஹோட்டலைத் தாண்டி மேலே போகும். பின்னால் நடந்து சாலைக்கு அப்பால் போய் தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கும் 85 எம்எம் லென்ஸ் போட்டுப் பாருங்கள், ஹோட்டல் எழுந்து நின்று கோயிலை விழுங்கப் பார்க்கும். லென்ஸ்தான் பின்னணியை இழுத்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இழுப்பது தூரம். லென்ஸ் வெட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஒரே இடத்தில் நின்று இரண்டு லென்ஸிலும் எடுத்து, வைட் படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

அருகே நின்றால் வேறொரு தொல்லை உண்டு. கேமராவை மேலே சாய்த்ததும் சுவர்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். கணினியில் நிமிர்த்தலாம். ஆனால் நிமிர்த்தும்போது படத்தின் பக்க ஓரங்கள் வெட்டுப்படும். எடுக்கும்போதே சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுத்தால்தான் பிறகு திருத்த முடியும். இன்னொரு வழி, கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்துக்கொண்டு நெட்டுவாக்கில் எடுத்து, கீழே வரும் வெற்றுத் தரையை வெட்டிவிடுவது. பிக்சல் வீணாகும், கோடு நிற்கும். நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன்.

அப்புறம் வெள்ளை. வெயிலில் கதீட்ரலின் வெள்ளைச் சுவரைக் கேமராவின் அளவீட்டுக்கு விட்டால் சாம்பலாக்கிவிடும். முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (வெளிச்ச அளவில் ஒரு படி) கூட்டுங்கள், வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது சுவரில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டினால் சுவரின் நெளிவெல்லாம் போய் வெறும் காகிதம் மிஞ்சும்.

அந்த நெளிவு போகக் கூடாது. 1861இல் திறந்த அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். பூச்சு, மதராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, பூசிக் காய்ந்த பிறகு படிகக் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வடிவமைத்த மேக்பெர்சனின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. தேய்த்த கைகளுக்குப் பெயர் இல்லை. சிட்டி ஹாலில் காலை வெயில் சுவரில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுக்கிற தமிழன் அதை ஒரு நிமிடம் நினைத்தால் எக்ஸ்போஷர் கொஞ்சம் கவனமாக வரும் என்பது என் மூடநம்பிக்கை.

மார்ச் 3

பின்குறிப்பு. எம்ஆர்டி ரயிலின் குளிரிலிருந்து வெளியே வந்தவுடன் கேமராவை எடுக்காதீர்கள், லென்ஸ் முழுக்கப் பனி படியும். பையை மூடியபடியே ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

மார்ச் 22

வெளிச்சம் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இதில் வெளிநாட்டு யூடியூப் பாடம் எதுவும் நமக்குச் சரிப்படாது.

நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். சூரியன் ஏழு மணிவாக்கில் எழுந்து நேரே மேலே ஏறி நேரே கீழே விழுகிறது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது வரும் பொன் வெளிச்சத்தைத் "தங்க நேரம்" என்று அவர்கள் சாவகாசமாகச் சொல்வது இங்கே சீக்கிரம் தீர்ந்துவிடும். மாலையில் சூரியன் மறைந்த பிறகு வானம் நீலமாகவும் விளக்குகள் மஞ்சளாகவும் சமனாக நிற்பது இருபது நிமிடம் இருந்தால் அதிகம். ட்ரைபாட் விரித்து லென்ஸ் மாற்றுவதற்குள் முடிந்துவிடும். இடத்தை முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள்.

உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு, பிப்ரவரியில் ஒன்றேகாலும் தாண்டும். நம் கடிகாரம் நாம் இருக்கும் இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னால் ஓடுகிறது. 1982இல் கடைசியாக அரை மணி தள்ளிவைத்தார்கள். ஆக, காலை பத்தரை மணி வெயில் என்பது உண்மையில் ஒன்பதரை மணி வெயில். சனிக்கிழமை தாமதமாக எழுபவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த சலுகை.

இதைவிட முக்கியமானது வடக்கு, தெற்கு. இந்த வாரம் சூரியன் கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு நேரே போகிறது. இனி செப்டம்பர் வரை வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும். அப்புறம் மார்ச் வரை தெற்கு. வடக்கு பார்த்த முகப்பு உள்ள கோயிலில் டிசம்பரில் போய் நின்றால் முகப்பு நாள் முழுக்க நிழலில் இருக்கும், எத்தனை மணிக்குப் போனாலும். ஜூனில் அதே முகப்பில் வெயில் மேலிருந்து சரிந்து விழுந்து ஒவ்வொரு விளிம்புக்கும் அடியில் கோடு கிழித்தாற்போல் நிழல் வரும். கோதிக் வேலைப்பாட்டுக்கு அந்த நிழல்தான் உயிர். கிளம்பும் முன் வரைபடத்தில் முகப்பு எந்தத் திசை என்று பாருங்கள், காசு செலவில்லாத வேலை.

ஏப்ரல் 6

இன்று குவீன்ஸ்டவுன் பக்கம் போயிருந்தேன். முதல் நாள் எழுதியதை அங்கே வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, ஏனென்றால் லூர்து கோயிலிலும் கதீட்ரலிலும் பின்னணி பின்னால் வந்து சேர்ந்தது. காமன்வெல்த் டிரைவில் அப்படி இல்லை. பிளெஸ்ஸட் சாக்ரமெண்ட் ஆலயம் 1965இல், வீவக புளோக்குகளோடு புளோக்குகளாக, அந்தப் பேட்டையின் மக்களுக்காகவே எழுந்தது. டௌசெட் என்ற கட்டடக் கலைஞரின் வடிவம். சாம்பல் கலந்த நீலக் கற்பலகைக் கூரை மடிப்பு மடிப்பாக மேலே போய், ஓரங்களில் தரையை நோக்கி இறங்கும். பழைய ஏற்பாட்டில் வரும் சந்திப்புக் கூடாரம்தான் மனதில் இருந்த உருவம். 2005இல் பாதுகாக்கப்பட்ட கட்டடம் ஆக்கினார்கள்.

இந்தக் கூரையைத் தரையில் நின்று எடுத்தால் மடிப்பு தெரியாது, கூர் மட்டும் தெரியும். உயரம் வேண்டும். அக்கம்பக்கத்தில் பலமாடிக் கார் நிறுத்துமிடம் எது, புளோக்கின் நடைபாதை எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பாருங்கள். நான்காவது, ஐந்தாவது மாடி போதும். கூரையின் பாதி உயரத்துக்கு நாம் வந்துவிட்டால் கேமராவைச் சாய்க்கவே வேண்டாம், கோடுகள் தானாக நேராக நிற்கும். மேலே போகப் போக அது கூரையின் வரைபடம் ஆகிவிடும், கோயில் போய்விடும்.

நான் ஒரு நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் கதவு திறந்து ஒரு பாட்டி கேட்டார், "எங்க வீட்டையா தம்பி படம் எடுக்கிறே?" இல்லை பாட்டி, கோயிலை. "எந்தக் கோயிலை?" நியாயமான கேள்வி. இந்த ஆலயத்துக்குப் பக்கத்துச் சுவரே ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். குவீன்ஸ்வே பக்கம் ரயில் ஊழியர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்த முனீஸ்வரன் பிறகு இங்கே குடிவந்தவர். பாட்டிக்கு ஆலயம் என்றாலும் கோயில், முனியாண்டி என்றாலும் கோயில். இரண்டையும் சேர்த்து எடுக்க முடியுமா என்று அவர்தான் கேட்டார். முடிந்தது. நீலக் கூரை இடது பக்கம், கோயில் வலது பக்கம், நடுவில் துணி காயும் மூங்கில் கழிகள். அந்தப் பேட்டையை இதைவிட நன்றாகச் சொல்லும் படம் என்னிடம் வேறு இல்லை.

பக்கத்தில் டாங்ளின் ஹால்ட் பழைய புளோக்குகள். 2014இல் மறுமேம்பாட்டு அறிவிப்பு வந்து ஆட்கள் காலி செய்துவிட்டார்கள். ஆக, கோயில் பாதுகாக்கப்பட்டது, அது யாருக்காக எழுந்ததோ அந்த வீடுகள் போகின்றன. ரோச்சோரில் நடந்தது இங்கே பெரிய அளவில். இதை இப்போது எடுக்காமல் எப்போது எடுப்பது?

ஏப்ரல் 7

எதிர்பார்த்த கண்டனம் வந்தது. "அடுத்தவர் வீட்டு வாசலில் கேமரா வைப்பது முறையா?"

பொது நடைபாதைதான். ஆனாலும் அது அவர்கள் செருப்பு கழற்றும் இடம். என் வழக்கம்: ட்ரைபாட் விரிப்பதில்லை, ஜன்னல் பக்கம் லென்ஸ் திரும்பாது, யாராவது வந்தால் முதலில் திரையைக் காட்டிவிடுவேன். முடிந்தால் கார் நிறுத்துமிடத்தின் மேல் தளம், அங்கே யாருக்கும் தொந்தரவில்லை. ட்ரோன் பற்றிக் கேட்டவருக்கு: 250 கிராமுக்கு மேல் பதிவு வேண்டும், விமானத் தளங்களுக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் எடை எதுவானாலும் அனுமதி வேண்டும், இந்தத் தீவில் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும் இடங்கள் குறைவு. ஐந்தாவது மாடிக்கு லிஃப்டில் போங்கள்.

மே 18

இதுவரை வெளிப்புறம். உள்ளே போனதும் என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எந்தப் பழைய ஆலயத்துக்குள் போனாலும் நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறி, தூணில் ஒலிபெருக்கி, பீடத்துக்கு இரு பக்கமும் பாட்டு வரி காட்டும் பெரிய திரை. என் கை தானாகவே திரை வராத கோணத்தைத் தேடுகிறது. வெளியே டுவோ கட்டடத்தை வைத்துக்கொள் என்று உபதேசம் செய்துவிட்டு உள்ளே டிவியை மறைக்கிறேன். ஏன்? யோசித்துப் பார்த்தேன். திரை ஒளிர்ந்தால் எக்ஸ்போஷரைக் கெடுக்கிறது என்பது பாதிக் காரணம். மீதி, எனக்கு அந்தத் திரை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மின்விசிறியை மறைக்கத் தோன்றுவதில்லை, அது சுற்றாத கோயிலில் நம்மால் கால் மணி உட்கார முடியாது.

வண்ணக் கண்ணாடிக்கு ஒரு குறிப்பு. கண்ணாடிக்கு எக்ஸ்போஷர் வைத்தால் கோயில் இருண்டு போகும், கோயிலுக்கு வைத்தால் கண்ணாடி வெளுத்துவிடும். இரண்டு மூன்று அளவில் எடுத்து இணைக்கலாம். நான் மேகமூட்டமான நாளுக்குக் காத்திருப்பேன், வெளியே வெளிச்சம் பரவலாக இருந்தால் வேறுபாடு குறையும். செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆங்கிலேயர் கால அதிகாரிகளான ராஃபிள்ஸ், கிராஃபர்ட், பட்டர்வொர்த் மூவர் நினைவாகவும் சன்னல்கள் உண்டு, அவற்றில் பழகலாம். விக்டோரியா ஸ்ட்ரீட் செயின்ட் ஜோசப் ஆலயம் நீண்ட பராமரிப்புக்குப் பிறகு 2022இல் திறந்திருக்கிறது, அங்கேயும் கண்ணாடி அருமை.

பூசை நடக்கும்போது எடுக்காதீர்கள். ஃபிளாஷ் எப்போதும் வேண்டாம். ஒரு கோயிலில் வாசலில் நின்ற தொண்டர் ட்ரைபாடை மடக்கச் சொன்னார், வேறு நான்கு பேர் அதே இடத்தில் கைப்பேசியைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாதம் செய்வதில்லை. மடக்கிவிட்டு, தூணில் சாய்ந்து ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) கூட்டிக்கொண்டேன்.

சைம்ஸ் பற்றிக் கேட்டவருக்கு: 1904இல் அருட்தந்தை நேன் வடிவமைத்த கன்னிமாடச் சிற்றாலயம், 1983க்குப் பிறகு வழிபாடு இல்லை, இப்போது கல்யாணமும் சாப்பாடும். தூண் தலைப்புகளில் இந்த மண்ணின் செடியும் பறவையும் செதுக்கியிருக்கிறார்கள். சுற்றுலாக்காரர் எல்லோரும் முகப்போடு போய்விடுவதால் தூண்களுக்கு அருகே கூட்டம் இல்லை. பீர்க் குடை படத்தில் வருகிறதே என்று இந்த முறை யாரும் கேட்க வேண்டாம்.

ஜூன் 22

"நீங்கள் அழிக்காதே என்கிறீர்கள், போட்டியில் பரிசு வாங்குவதெல்லாம் அழித்த படங்களாக இருக்கிறதே" என்று பழையபடி ஆரம்பித்திருக்கிறார்கள்.

வாங்கட்டும். சுவரில் மாட்ட அழகான படம் வேண்டுமானால் கிரேனை அழித்துக்கொள்ளுங்கள், நான் போலீஸ் இல்லை. ஆனால் அழிக்காத மூலக் கோப்பைத் தேதியோடு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அழித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைக் குப்பையில் போடுவதுதான் எனக்கு ஆகாது. கிரேன் எந்த வருடம் அங்கே நின்றது என்பதுகூடப் பிறகு யாருக்காவது தேவைப்படும். ரோச்சோர் அக்காவுக்குத் தேவைப்பட்டது.

ஜூலை 3

கடைசியில் ஷிஃப்ட் லென்ஸ் (கேமராவைச் சாய்க்காமலே கட்டடத்தின் உயரத்தைப் பிடிக்கும் லென்ஸ்) கேட்டு முதல் வாசகரே வந்துவிட்டார். லென்ஸ் வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. சரி. புதிது வாங்காதீர்கள், விலை தாங்காது. கதீட்ரலுக்கு எதிரிலேயே பெனின்சுலா பிளாசா, பக்கத்தில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர், இரண்டு பக்கமும் பழைய லென்ஸ் விற்கும் கடைகள் உண்டு. கையால் ஃபோகஸ் செய்யும் பழைய மாடல் போதும், கட்டடம் எங்கும் ஓடாது. கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்து வாங்குங்கள், இந்த ஊர் ஈரப்பதத்துக்கு உலர்பெட்டியும் சேர்த்து. தேசிய தினம் பாடாங் திடலில் நடக்கும் ஆண்டென்றால் சனிக்கிழமை ஒத்திகைக்கு அந்தப் பக்கச் சாலைகளை மூடுவார்கள், அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை போங்கள், பூசை நேரம் பார்த்து.